கைநாட்டு வைக்காத அம்மாயி

எங்க அம்மாயிக்கு மொத்தம் மூணு பிறந்த நாள்.

ஆதார் கார்டுப்படி 1940 ஜனவரி 1. (நம்ம ஊர் தாத்தா பாட்டிங்க நிறைய பேர் ஜனவரி 1-ல்தான் பிறந்திருக்காங்க, கவனிச்சிருக்கீங்களா?) வாக்காளர் அட்டையைப் பார்த்தா இன்னும் ரெண்டு வயசு சின்னவங்க. அம்மாயியையே கேட்டா, "எங்க அய்யா சொல்லுவாக ஆத்தா... பெரிய மழை பெஞ்ச வருசத்துக்கு மறு வருசம், செபமாலை மாசத்துல"ம்பாங்க. செபமாலை மாசம்னா அக்டோபர். வருஷம்? அது அந்த மழைக்குத்தான் தெரியும்.

2025-ஆம் வருஷம் தவக்காலத்துல அம்மாயி போய்ச் சேர்ந்துட்டாங்க. மிடில் செமஸ்டர், இன்டர்னல் டெஸ்ட் நடுவுல போன் வந்தது. வழக்கமா இந்தப் பக்கத்துல ஹாஸ்டல் தோசை, அரியர், அட்டெண்டன்ஸ்னு அரட்டை அடிக்கிற நான், இந்த வாரம் மட்டும் அம்மாயியைப் பத்தி எழுதிக்கிறேன். கண்ணீர்க் கட்டுரை இல்லை ஃப்ரெண்ட்ஸ், பயப்படாதீங்க. இது ஒரு கட்டைவிரலோட கதை.

முதல்லயே ஒரு விஷயம். அம்மாயி பேர் என்னன்னு இதுல எழத மாட்டேன். அவங்க பேரை அவங்களைத் தவிர வேற யாரும் எழுதினா அவங்களுக்குப் பிடிக்காது. ஏன்னு போகப் போகப் புரியும்.

லத்தீன் பேசிய அம்மாயி

புதுக்கோட்டைப் பக்கம், சித்தன்னவாசல் மலை கண்ணுக்குத் தெரியற தூரத்துல எங்க ஊர். நீங்க ஸ்கூல் எக்ஸ்கர்ஷன்ல வந்து, ஓவியத்தை ரெண்டு நிமிஷம் அண்ணாந்து பார்த்துட்டு, புளியோதரையை இருபது நிமிஷம் சாப்பிட்டுட்டுப் போன அதே சித்தன்னவாசல்தான். அம்மாயி பிறந்தப்போ இது இந்தியாவே இல்லை, புதுக்கோட்டை சமஸ்தானம். தொண்டைமான் ராஜா ஆட்சி, அம்மன் காசுன்னு தனிக் காசு. 1948 மார்ச்லதான் சமஸ்தானம் இந்தியாவோட சேர்ந்தது. "நான் ராசா காலத்துப் பொம்பளை"ன்னு அம்மாயி கெத்தா சொல்லுவாங்க. ராஜாவைப் பார்த்திருக்கீங்களான்னு கேட்டா மட்டும் பேச்சு வெத்தலைப் பெட்டி பக்கம் திரும்பிடும்.

ஊர்ல நாங்க நாலஞ்சு கிறிஸ்தவக் குடும்பம்தான். கத்தோலிக்கர்கள். மத்தவங்களுக்கு 'வேதக்காரங்க வீடு'. பொங்கலுக்குப் பக்கத்து வீட்டுல இருந்து கரும்பு வரும். கிறிஸ்துமஸுக்கு இங்கிருந்து அதிரசம் போகும். அம்மாயி சுடற அதிரசத்துல உப்புக் கம்மியான்னு ஊரே தீர்ப்பு சொல்லும்.

அம்மாயி பேசற தமிழே தனி. நமக்கு ஃபாதர்னா அவங்களுக்குச் சாமியார். நாம திருப்பலின்னு சொன்னா அவங்க பூசைம்பாங்க. கடவுள் இல்லை, சர்வேசுரன். ஏஞ்சல் இல்லை, சம்மனசு. நான் மொபைலை நோண்டிக்கிட்டே செபத்துல உட்கார்ந்திருந்தா, "உன் காவல் சம்மனசு தலையில அடிச்சுக்கிட்டு நிக்கிது பாரு"ன்னு கிசுகிசுப்பாங்க. சத்தியமா திரும்பிப் பார்த்திருக்கேன்.

இதைவிடப் பெரிய ஆச்சரியம், அம்மாயிக்கு லத்தீன் தெரியும். பள்ளிக்கூடத்துப் பக்கமே போகாத அம்மாயிக்கு! விஷயம் என்னன்னா, அவங்க சின்ன வயசுல பூசை முழுக்க லத்தீன்தான். சாமியார் ஜனங்களுக்கு முதுகைக் காட்டி, பீடத்தைப் பார்த்து நின்னு சொல்லுவார். 1962-லிருந்து 1965 வரைக்கும் ரோம்ல நடந்த இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்கு அப்புறம்தான் பூசை தமிழுக்கு வந்தது. அப்போ அம்மாயிக்குக் கல்யாணம் ஆகி, பிள்ளைங்களும் பிறந்தாச்சு. அதுவரைக்கும் காதுல விழுந்ததை எல்லாம் அப்படியே மனப்பாடம். மாதா பிரார்த்தனைல 'எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்'னு எல்லாரும் சொல்லும்போது, அம்மாயி உதடு மட்டும் 'ஓரா ப்ரோ...'ன்னு போகும். "அர்த்தம் என்ன அம்மாயி?"ன்னு கேட்டேன் ஒருநாள். "அர்த்தம் மாதாவுக்குத் தெரியும்ல? எனக்கு எதுக்கு?"ன்னாங்க. நாம எஞ்சினீயரிங் மேத்ஸ் எழுதற மாதிரியேதான் பாஸ்!

வருஷா வருஷம் ஈஸ்டர் முடிஞ்சு ஆவூர் பெரியநாயகி மாதா கோயில் தேருக்குப் போயாகணும். இப்போ இருக்கற ஆவூர் கோயில் 1747-ல் கட்டினது. வீரமாமுனிவர் பணி செஞ்ச ஊர். தமிழ்ப் புத்தகத்துல நாம இரண்டு மார்க்குக்குப் படிச்ச அதே தேம்பாவணி வீரமாமுனிவர். இத்தாலியில இருந்து வந்து, தமிழ் படிச்சு, 1732-ல் சதுரகராதின்னு அகராதியே போட்டவர். அவருக்கு முன்னாடி ஓலையில குறில் 'எ'வுக்கும் நெடில் 'ஏ'வுக்கும் ஒரே கொம்பு. குறிலா நெடிலான்னு காட்டணும்னா புள்ளி வைக்கணும், வைக்காம விட்டா குழப்பம். இன்னைக்கு நாம நெடிலுக்குப் போடற சுழிச்ச கொம்பைக் கொண்டு வந்தது அவர்தான்னு சொல்றாங்க.

இந்தக் கொம்பை ஞாபகம் வெச்சுக்கங்க. அம்மாயி பேர்ல அது ஒண்ணு உண்டு. எழுத்துச் சீர்திருத்தம் பண்ணினவர் பணி செஞ்ச ஊர்க் கோயிலுக்கு அம்பது வருஷம் நடந்து போன அம்மாயிக்கு, அந்தக் கோயில் சுவர்ல எழுதியிருந்த ஒரு எழுத்துகூடப் படிக்கத் தெரியாது.

1991

அந்த வருஷம் புதுக்கோட்டை மாவட்டத்துல அறிவொளி இயக்கம் ஆரம்பிச்சாங்க. ஷீலா ராணி சுங்கத் கலெக்டரா இருந்த காலம். எழுதப் படிக்கத் தெரியாதவங்களுக்கு ஊர் ஊரா, தெருத் தெருவா சாயங்கால வகுப்பு. சொல்லித் தர்றவங்களுக்குச் சம்பளம் கிடையாது, எல்லாம் தொண்டர்கள். எங்க தெரு வகுப்புல சொல்லிக் கொடுத்தவங்கள்ல ஒரு பத்தாம் வகுப்புப் பொண்ணும் உண்டு. அது எங்க அம்மா.

இந்த இயக்கத்துல ஒரு சூப்பர் ஐடியா இருந்தது. படிப்போட சேர்த்து பெண்களுக்கு சைக்கிள் ஓட்டக் கத்துக்கொடுத்தாங்க. சைக்கிளுக்குன்னே பாட்டெல்லாம் இருந்தது. லேடீஸ் சைக்கிள் அவ்வளவா கிடைக்கல. பரவாயில்லைன்னு ஆம்பளைங்க ஓட்டற பார் வெச்ச சைக்கிள்லயே கத்துக்கிட்டாங்க. அந்த பார்ல குழந்தையை உட்கார வெச்சுக்கலாம்னு பலருக்கு அதுவே பிடிச்சுப் போச்சாம். 1992-ல் சுமார் 1,500 பெண்கள் புதுக்கோட்டை டவுன்ல சைக்கிள் ஊர்வலம் போனப்போ ஊரே ஸ்தம்பிச்சு நின்னுது. யூனிசெஃப் அறிவொளிப் பெண்களுக்கு 50 மொபெட் கொடுத்தது. பத்திரிகையாளர் பி.சாய்நாத் இதை நேர்ல வந்து பார்த்து எழுதினார். மாவட்டத்துல ஒரு லட்சம் கிராமத்துப் பெண்கள் சைக்கிள் கத்துக்கிட்டாங்கன்னு அவர் கட்டுரை சொல்லுது. உலகத்துல எங்கெங்கேயோ இருக்கறவங்க அதைப் படிச்சிருக்காங்க. நம்ம மாவட்டத்துக் கதை நமக்குத்தான் தெரியாது. எனக்கே காலேஜ் லைப்ரரியிலதான் தெரிஞ்சது.

எங்க அம்மாவும் அந்தக் கூட்டத்துல ஒருத்தி. தாத்தாவோட பழைய சைக்கிள். பின்னால கேரியரைப் பிடிச்சுக்கிட்டு, சேலையைத் தூக்கிச் செருகிக்கிட்டு, கண்மாய்க் கரை முழுக்க ஓடினது அம்மாயி. "விட்ராத... விட்ராத"ன்னு அம்மா கத்த, "புடிச்சிருக்கேன்... புடிச்சிருக்கேன்"னு அம்மாயி சொல்லிக்கிட்டே எப்பவோ கையை விட்டுட்டாங்க. சொந்த அம்மா பொய் சொன்னதாலதான் எங்க அம்மா சைக்கிள் ஓட்டினாங்க. இன்னைக்கு நான் ஸ்கூட்டில பறக்கறேன்னா அது அந்தப் பொய்யோட வாரிசு.

ஆனா வகுப்பு விஷயத்துல அம்மாயி சண்டித்தனம் பண்ணினாங்க. அம்பது வயசைத் தாண்டியாச்சு. இயக்கம் தேடினது சின்ன வயசுக்காரங்களை. "கணக்குலயே வராத ஆளு நான், எனக்கு எதுக்கு?"ன்னு திண்ணையில வெத்தலை இடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருப்பாங்க. மனசை மாத்தினது ஒரு சம்பவம்.

தாத்தா இறந்து ரெண்டு வருஷம். நிலம் சம்பந்தமா ஒரு பேப்பர்ல அம்மாயிகிட்ட ரேகை வாங்க ஒரு உறவுக்காரர் வந்திருந்தார். மை டப்பாவைத் திறந்து, அம்மாயி கட்டைவிரலை அவரே பிடிச்சு அமுக்கப் போனார். அம்மா ஸ்கூல் விட்டு வந்தவ பேப்பரை வாங்கிப் படிச்சா. அரை ஏக்கர் எழுதியிருந்தது. அம்மாயிகிட்ட அவர் சொன்னது ரெண்டு சென்ட் பாதை!

அவரை அம்மாயி திட்டலையாம். மோர் கொடுத்து அனுப்பி வெச்சுட்டு, விரல்ல இருந்த மையைத் தேங்காய் நாரால தேய்ச்சுத் தேய்ச்சுக் கழுவினாங்களாம். அன்னைக்கு சாயங்காலம் வகுப்புல கடைசி வரிசையில அம்மாயி. கையில ஸ்லேட்டு. டீச்சர், சொந்தப் பொண்ணு.

நாலு மாசம் ஆச்சாம் பேர் எழுத. எல்லா எழுத்தும் வந்துடுச்சு, அந்த நெடில் கொம்பு மட்டும் வரவே இல்லை. ஒரு தடவை இடது பக்கம் சாயும், ஒரு தடவை சோளக்கதிர் மாதிரி குனியும். "இதை எந்தப் புண்ணியவான் கண்டுபுடிச்சான்?"னு அலுத்துக்குவாங்களாம். (ஆவூர்ல பூசை வெச்சவர்தான் அம்மாயின்னு நான் பின்னாடி சொன்னப்போ, நெஞ்சுல சிலுவை போட்டுக்கிட்டாங்க.) கடைசியில வந்தது. கோணலாத்தான். ஆனா வந்தது.

அதுக்கப்புறம் அம்மாயி எங்கேயும் கைநாட்டு வெச்சதில்லை. மகளிர் குழு நோட்டுல, பேங்க்ல, எங்க ஸ்கூல் ரேங்க் கார்டுல (அம்மாவுக்குத் தெரியாம வாங்கினது), எல்லாத்துலயும் கையெழுத்து. கூரியர்காரர் "நானே எழுதிக்கறேன் பாட்டி"ன்னா விட மாட்டாங்க. "என் பேரை நான்தான் எழுதுவேன், பேனாவைக் குடு." அவர் வெயில்ல நிக்கணும். ஒவ்வொரு எழுத்தா, உதட்டை அசைச்சு, செபம் சொல்ற மாதிரி எழுதி முடிப்பாங்க. அந்தக் கொம்புல மட்டும் ஒரு நொடி பேனா நிக்கும்.

நீயும் கைநாட்டுதான்!

ப்ளஸ் டூ லீவுல நானும் ஃப்ரெண்ட்ஸும் சித்தன்னவாசல் மலை ஏறினோம். கீழே இருக்கற அறிவர் கோயில்ல அந்தத் தாமரைக் குள ஓவியம் இருக்கு. மீன், வாத்து, யானை, எருமை, பூப்பறிக்கிற ஆளுங்க. அதை எல்லாரும் பார்ப்பாங்க. நிறைய பேர் மேலே ஏழடிப்பட்டத்துக்கு ஏறுறதில்லை. அங்க ஒரு குகை. சமண முனிவர்கள் தங்கி தவம் செஞ்ச இடம். பாறையிலேயே வழவழன்னு செதுக்கின 17 படுக்கை, கல்லுலயே தலையணை. ஒரு படுக்கையில எழுத்து வெட்டியிருக்கு. தமிழிங்கற தமிழ் பிராமி. ரெண்டாயிரம் வருஷத்துக்கும் மேல பழசு.

மொபைல்ல போட்டோ எடுத்துட்டு வந்து அம்மாயிகிட்ட காட்டினேன்.

"என்ன எழுதியிருக்கு?"

"தெரியல அம்மாயி. பழைய தமிழ் எழுத்து. படிக்கத் தெரியாது."

அம்மாயி கண்ணாடியைக் கழட்டித் துடைச்சு, மறுபடி பார்த்தாங்க. அப்புறம் சிரிச்சாங்க பாருங்க ஒரு சிரிப்பு!

"இம்புட்டுப் படிச்சும் அப்ப நீயும் கைநாட்டுதான்!"

ரோஷம் வந்து தேடிப் படிச்சேன். எருமி நாட்டுக் குமுழூர்ல பிறந்த ஒருத்தருக்காக, இளையர்ங்கறவர் செஞ்சு கொடுத்த இருக்கைன்னு அதுக்கு அர்த்தம் சொல்றாங்க. அவ்வளவுதான். ராஜா இல்லை, போர் இல்லை. எந்த ஊர்ல பிறந்தவர், யார் செஞ்சு கொடுத்தது. அம்மாயிகிட்ட சொன்னேன். "அம்புட்டுப் போதும்ல"ன்னாங்க. "எந்த ஊர்ல பொறந்தோம், நம்மள யாரு பாத்துக்கிட்டாக. வேற என்ன இருக்கு எழுத?"

நான் பண்ணின தப்பு

இனிமே சொல்றதை எழுதத்தான் ரெண்டு வாரமா தள்ளிப் போட்டேன்.

2020 அக்டோபர்ல இருந்து தமிழ்நாட்டு ரேஷன் கடைகள்ல விரல் ரேகை மெஷின் வந்தது. ரேகை பொருந்தினா அரிசி. எங்க வீட்டுல அம்மா போய் வெச்சுட்டு வாங்கிட்டு வந்துடுவாங்க, அதனால அம்மாயிக்கு இது தெரியாது. 2023 செமஸ்டர் லீவுல அம்மாவுக்குக் காய்ச்சல். அம்மாயியை ஸ்கூட்டில உட்கார வெச்சு நான் கூட்டிட்டுப் போனேன்.

எங்க முறை வந்தது. அம்மாயி சுருக்குப் பையில இருந்து பேனாவை எடுத்தாங்க. கடைக்காரர் மெஷினை நீட்டினார். "விரலை வைங்க பாட்டி."

"கையெழுத்துப் போடுவேன் தம்பி."

"அதெல்லாம் இப்ப இல்லை பாட்டி. ரேகைதான்."

அம்மாயி என்னைப் பார்த்தாங்க. பின்னால வரிசை நீளமா நிக்குது. ரெண்டு பேர் உச்சுக் கொட்டறாங்க. எனக்கு அவமானமா இருந்தது. "அம்மாயி, சும்மா வைங்க. இப்ப எல்லாருக்கும் இதான். எனக்கும் இதான்"னு சொல்லி, அவங்க கட்டைவிரலைப் பிடிச்சு மெஷின் மேல அமுக்கிட்டேன்.

பொருந்தல. துடைச்சு வெச்சேன். பொருந்தல. ஈரத் துணியில துடைச்சு, ஆள்காட்டி விரல், நடுவிரல், மறுபடி கட்டைவிரல். நான் அமுக்க அமுக்க அம்மாயி கை என் கையில பொம்மை மாதிரி இருந்தது. கடைசியில, "அம்மாவுக்கு உடம்பு சரியானதும் வரச் சொல்லுங்க"ன்னு கடைக்காரர் நல்லவிதமாவே சொல்லி அனுப்பினார். அவர் மேல தப்பே இல்லை.

வீட்டுக்கு வந்ததும் நான் எஞ்சினீயரிங் லெக்சர் எடுத்தேன். நான் படிக்கறது ஈ.சி.ஈ., சென்சார் எனக்குத் தண்ணி பட்ட பாடு. விரல்ல மேடு பள்ளமா கோடு இருக்கும் அம்மாயி, மெஷின் அதைத்தான் படம் பிடிக்கும். கை வேலை செஞ்சு செஞ்சு, வயசாக ஆக, மேடு தேஞ்சுடும், தோல் காஞ்சுடும், அதான் தெரியல. இந்த விரல் ரேகை விஷயமே நம்ம நாட்டுலதான் பெருசா ஆரம்பிச்சது. 1858-ல் வங்காளத்துல வில்லியம் ஹெர்ஷல்ங்கற வெள்ளைக்கார அதிகாரி ஒப்பந்தப் பேப்பர்ல கை ரேகை வாங்கினார். 1897-ல் கல்கத்தாவுல கைரேகைக்குன்னு அலுவலகமே திறந்தாங்க. கையெழுத்தை யாரும் காப்பி அடிக்கலாம், ரேகையை அவ்வளவு சுலபமா முடியாது. அதனால கைநாட்டுதான் ரொம்ப உசத்தி...

எல்லாத்தையும் பொறுமையா கேட்டாங்க. கேட்டுட்டு ஒண்ணே ஒண்ணு சொன்னாங்க.

"அப்ப நான் படிச்சது?"

என்கிட்ட பதில் இல்லை. இப்பவும் இல்லை. நான் விளக்கினது எல்லாம் சரிதான். ஆனா அவங்க கேட்டது டெக்னாலஜி சந்தேகம் இல்லை. முப்பது வருஷம் முன்னாடி ஒருத்தர் அவங்க விரலைக் கேட்காமப் பிடிச்சு அமுக்கப் பார்த்தார். அதுக்கப்புறம் அதே வேலையைச் செஞ்சது நான். கெட்ட எண்ணம் இல்லைதான். ஆனா அந்த விரலுக்கு வித்தியாசம் தெரிஞ்சிருக்குமா?

ரெண்டு நாள் என்கூட சரியாப் பேசல. மூணாம் நாள் நான் காலேஜ் கிளம்பும்போது நெத்தியில சிலுவை போட்டு, சுருக்குப் பையில இருந்து இருநூறு ரூபாய் எடுத்துக் கொடுத்தாங்க. ஸாரி சொல்லணும்னு நினைச்சேன். பஸ் வந்துடுச்சு. அப்புறம் சொல்லலாம்னு விட்டேன். அந்த 'அப்புறம்' எல்லாருக்கும் தெரிஞ்ச அப்புறம்தான்.

பழைய பதிவேடு

அடக்கம் முடிஞ்சு கொஞ்ச நாள்ல ஒரு வேலையா அம்மாயியோட ஞானஸ்நானச் சான்று தேவைப்பட்டது. நானும் அம்மாவும் பங்குக் கோயிலுக்குப் போனோம். சாமியார் பீரோவில இருந்து பழுப்பேறின பெரிய பதிவேட்டை எடுத்து மெதுவா புரட்டினார். எல்லாம் லத்தீன்ல. அம்மாயி பேரும் லத்தீன் வாசனையோட இருந்தது. அப்பா பேர், அம்மா பேர், ஞானத்தாய் பேர். 1936 அக்டோபர். செபமாலை மாசம்! அம்மாயி சொன்னதுதான் சரி, அரசாங்கம் கொடுத்த ரெண்டு தேதியும் தப்பு.

அந்தச் சமயத்துலதான் போப் பிரான்சிஸ் இறந்திருந்தார், 2025 ஏப்ரல் 21, ஈஸ்டருக்கு மறுநாள். அவரும் 1936-ல் பிறந்தவர். "ரெண்டு பேரும் ஒரே வருசம் வந்து ஒரே வருசம் போயிருக்காங்க"ன்னு அம்மா சொன்னாங்க. தெரிஞ்சிருந்தா அம்மாயி எவ்வளவு அலட்டியிருப்பாங்கன்னு நினைச்சு ரெண்டு பேரும் சிரிச்சோம்.

"கல்யாணப் பதிவும் இருக்கு, பார்க்கிறீங்களா?"ன்னு சாமியார் இன்னொரு புத்தகத்தைத் திறந்தார். 1954. தாத்தாவோட கையெழுத்து. அதுக்குக் கீழே, மணப்பெண் இடத்துல, நீல மையில ஒரு சின்னக் கட்டைவிரல்.

குனிஞ்சு பார்த்தேன். எழுபது வருஷம் ஆகியும் மை மங்கல. வட்ட வட்டமா ஒவ்வொரு கோடும் அவ்வளவு தெளிவு. பதினெட்டு வயசுப் பொண்ணோட விரல். என் மெஷின் அறிவுக்கு ஒரே பார்வையில தெரிஞ்சது. இந்த விரலை வெச்சிருந்தா ரேஷன் கடை மெஷின் ஒரு நொடியில 'ஓகே' சொல்லியிருக்கும்.

அந்தக் கோடெல்லாம் எங்க போச்சு? நாத்து நட்டதுல போச்சு. களை எடுத்ததுல, அம்மியில அரைச்சதுல, கிணத்துக் கயிறு இழுத்ததுல, அஞ்சு பிள்ளைங்க துணியைத் துவைச்சதுல போச்சு. சைக்கிள் கேரியரைப் பிடிச்சதுல கொஞ்சம். செபமாலை மணியை உருட்டி உருட்டிக் கொஞ்சம். என் தலைக்கு எண்ணெய் தேய்ச்சதுல கொஞ்சம். மெஷின் 'பொருந்தவில்லை'ன்னு சொன்னப்போ நான் விரலைத் துடைச்சேனே... துடைச்சு எடுக்கற அழுக்கா அது?

பதிவேட்டு மேல தண்ணி விழுந்துடக்கூடாதுன்னு முகத்தைத் திருப்பிக்கிட்டேன். சாமியார் ஜன்னலைத் திறக்கப் போற மாதிரி எழுந்து போயிட்டார்.

கல்லுல எழுத்து

2025 நவம்பர் 2, ஞாயிற்றுக்கிழமை. அம்மாயிக்கு முதல் கல்லறைத் திருநாள். எங்க பக்கத்துல அன்னைக்குக் கல்லறைத் தோட்டமே ஜெகஜோதியா இருக்கும். எல்லாக் கல்லறைக்கும் வெள்ளையடிச்சு, செவ்வந்தி, கேந்திப் பூ, மெழுகுவத்தி, ஊதுபத்தி. சாமியார் வந்து மந்திரிப்பார். சுண்டலும் ஐஸும் விக்கிறவங்ககூட வருவாங்க. அழுகை பாதி, சொந்தக்காரங்க அரட்டை பாதி.

அதுக்குள்ள அம்மாயி கல்லறைக்குக் கல் பதிக்கணும்னு மாமா சொல்லியிருந்தார். பேரைக் கம்ப்யூட்டர் எழுத்துல அடிச்சுக் கொடுத்தா வெட்டித் தர்றேன்னு கல் வெட்டறவர் கேட்டார். அம்மா ஒரு நிமிஷம் யோசிச்சாங்க. வீட்டுக்கு வந்து பெட்டியைக் குடைஞ்சு பழைய மகளிர் குழு நோட்டை எடுத்தாங்க. அதுல ஒரு பக்கத்துல அம்மாயி கையெழுத்து நல்லா பெருசா விழுந்திருந்தது. நான் மொபைல்ல ஸ்கேன் பண்ணி, பெருசாக்கி, பிரின்ட் எடுத்தேன். ரெண்டு வருஷ ஈ.சி.ஈ. படிப்புல உருப்படியா பண்ணின முதல் வேலை.

கல் வெட்டறவர் பிரின்ட்டைப் பார்த்துட்டு, "இந்தக் கொம்பு கோணலா இருக்கே, நேர் பண்ணிடவா?"ன்னார்.

"வேணாம்ணே. அப்படியே இருக்கட்டும்"னாங்க அம்மா.

அப்படியே வெட்டிக் கொடுத்தார். அம்மாயி பேரை அம்மாயிதான் எழுதியிருக்காங்க. வேற யாரும் எழுதல. கீழே பிறந்த வருஷம் 1936, பிறந்த ஊர். அவ்வளவுதான். அம்புட்டுப் போதும்ல.

சித்தன்னவாசல்ல இருக்கற அந்த 'இளையர்'ங்கறது ஒருத்தர் பேருன்னு அறிஞர்கள் சொல்றாங்க. எனக்கு என்னமோ அதை 'இளைஞர்'னு படிக்கத்தான் பிடிச்சிருக்கு. பெரியவங்க ஒருத்தருக்காகச் சின்னவங்க செஞ்சு கொடுத்ததுன்னு நினைச்சுக்கறேன்.

அதனால ஃப்ரெண்ட்ஸ், இந்த வாரம் லீவுக்கு ஊருக்குப் போறீங்கன்னா ஒரு சின்ன அசைன்மென்ட். உங்க அப்பத்தாவோ, அம்மாச்சியோ, பாட்டியோ, நன்னியோ, யார் இருக்காங்களோ அவங்க பக்கத்துல உட்காருங்க. எந்த ஊர்ல பிறந்தீங்க, எந்த மழை வருஷத்துலன்னு கேளுங்க. எழுதத் தெரிஞ்சா உங்க நோட்டுல அவங்க கையால அவங்க பேரை எழுதி வாங்குங்க. தெரியலைன்னா, நீங்க சொல்லிக் கொடுங்க, நாலு மாசம் ஆகும், பரவாயில்லை.

அப்புறம், யார்கிட்டயாவது ஸாரி சொல்ல வேண்டி இருந்தா, பஸ்ஸை விட்டுடுங்க. அடுத்த பஸ் அரை மணி நேரத்துல வந்துடும்.